மந்திரி சொல்லாத பெயர்

என் மூத்த மகள் பிறந்து மூன்று மாதம் வரைக்கும் பெயரில்லாமல் இருந்தாள். பெயர் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரிவதற்கு முன்னால் டில்லியில் ஒரு மந்திரிக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்கிறார்கள். கதை கட்டுவதாக இருந்தால் இதைவிட நம்பும்படியாகக் கட்டியிருப்பேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கம் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. சூளகிரியிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கேழ்வரகும் கொள்ளும் விளைகிற மேட்டுக்காடு, ஒரு கிணறு, கிணற்றடியில் நாலு மாமரம், மாமனார், மாமியார். வீட்டுக்காரர் பெங்களூரில் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து மற்ற வீடுகளைப் போலவே வீட்டில் பேச்செல்லாம் தெலுங்கு. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். என் அப்பா கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கிப்போனதால் தினமும் தமிழ்ப் பேப்பரை நான்தான் படித்துக்காட்ட வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது சினிமாப் பக்கம் இல்லை. பார்லிமெண்டில் கேள்வி நேரம் என்று போடுவார்களே, அதுதான். எவ்வளவு பெரிய மந்திரியாக இருந்தாலும், ஒரு மெம்பர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். கேட்ட கேள்விக்கு ஆம்பிளைகள் பதில் சொல்லுவதே இல்லாத வீட்டில் வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டு மாதம் முழுகாமல் இருந்தபோது வீட்டுக்காரரைக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே சண்டை ஓய்ந்திருந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்ற கைதிகளை நடுவில் நின்று காவல் காக்க நம் பட்டாளம் போயிற்று. எங்கள் ஊரில் யாருக்கும் கொரியா எந்தத் திசை என்று தெரியாது. மாமனார் கிழக்கே கையைக் காட்டி, கடல் தாண்டிக் கடல் தாண்டிப் போகணும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

கப்பல் ஏறுமுன் வீட்டுக்காரர் எழுதிய கடிதத்தில் ஒரு வேலை வைத்திருந்தார். குழந்தைக்குப் பெயரை அவர்தான் எழுதி அனுப்புவார். அது வருகிறவரைக்கும் வேறு யாரும் பெயர் வைக்கக் கூடாது. எங்கள் குடும்பங்களில் பெயரை முதலில் குழந்தையின் காதில்தான் மூன்று தரம் சொல்லுவார்கள். அதற்கு முன்னால் வெளியே யார் வாயிலும் அது வரக் கூடாது. அதனால் வேறு ஆள் மூலம் சொல்லியனுப்பவும் முடியாது. எனக்கு எழுதுகிற கடிதத்தில்தான் வர வேண்டும்.

கப்பலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

குழந்தை பிறந்தது. பெண். நான் உடனே எழுதிப் போட்டேன். பதில் இல்லை. பதினோராம் நாள் போயிற்று, நாற்பதாம் நாளும் போயிற்று. சூளகிரியிலிருந்து தபால்காரர் சைக்கிளில் வருவார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மிதிப்பார். பாவம், அவர் என்ன செய்வார்.

முதலில் எனக்கு வந்தது பயம்தான். அதை மறைக்கவில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போன மாமனார், கைதிகள் கலவரம் செய்கிறார்களாம், காவல்காரர்கள்மேல் கல் விழுகிறதாம் என்று கேட்டுக்கொண்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்தப் பயத்தைத் தீர்த்தது நாகரசம்பட்டியில் இருந்த ஒருத்தி. அவள் புருஷனும் அதே பட்டாளத்தில் போயிருந்தான். திருச்சிப் பக்கத்திலிருந்து வாழ வந்த தமிழ்க்காரப் பெண். அவளுக்கு வாராவாரம் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஒரு கடிதத்தில், சூளகிரிக்காரனை லாரி நிறுத்துமிடத்தில் பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்று ஒரு வரி இருந்ததாம். அதைச் சொல்லியனுப்பினாள்.

உயிர் வந்தது. கூடவே வேறு ஒன்றும் வந்தது. நன்றாக இருக்கிறவர் ஏன் எழுதவில்லை? வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. பெண் பிறந்ததில் கோபம் என்றார்கள் சிலர். அந்த ஊர்ப் பெண்கள் எலுமிச்சம்பழ நிறமாம் என்றார்கள் சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் நம்பவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு இருந்த குறைகளை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் ஆகும். ஆனால் சொன்னதைச் செய்யாமல் விடுகிற ஆள் இல்லை அவர். எழுதுகிறேன் என்றால் எழுதுவார். எழுதியது எங்கோ நிற்கிறது. அது எங்கே என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மாமியாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மூன்றாம் மாதம் முடிவதற்குள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தாக வேண்டும், அதற்குமேல் தள்ளினால் குழந்தைக்கு ஆகாது என்று நாள் குறித்துவிட்டார். குலதெய்வத்தின் பெயரையே வைத்துவிடலாம் என்பது அவர் முடிவு. அந்தப் பெயரில் எங்கள் தெருவிலேயே ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். ஆனால் என் வருத்தம் அது இல்லை. வீட்டுக்காரர் எழுதும் பெயர் வராமல் வேறு பெயர் வைத்தால், அவர் எழுதவே இல்லை என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். எங்கள் தொகுதி மெம்பர் ஊரில் இருந்தார். வக்கீல். வாசலில் ரோட்டுக்கும் கிணற்றுக்கும் மனு கொண்டுவந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் நடந்ததைச் சொன்னேன். இலாகாவுக்கு ஒரு கடிதம் போடுகிறேன் அம்மா என்றார். கடிதம் போனால் "கவனிக்கப்படும்" என்று பதில் வரும், அதை என்ன செய்வது, பார்லிமெண்டில் கேளுங்கள் என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கேள்வி எப்படிக் கேக்கறதுன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"பேப்பர்ல படிச்சிருக்கேனுங்க. முதல்ல கேள்விய (அ), (ஆ)ன்னு பிரிக்கணும். மந்திரி நழுவ முடியாத மாதிரி."

அவர் சிரித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கமாகவே தள்ளினார். நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். என்ன மொழியில் எழுதுவார் உன் புருஷன் என்று கேட்டார். தமிழில்தான் என்றேன். பையிலிருந்து பழைய கடிதத்தின் உறையை எடுத்துக் காட்டினேன். முத்து முத்தாகத் தமிழ் எழுத்து. அவரும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்: (அ) கொரியாவில் உள்ள வீரர்கள் தமிழில் எழுதும் கடிதங்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றனவா? (ஆ) ஆம் என்றால், காரணம் என்ன?

நாலு வாரம் ஆயிற்று. தபாலுக்குக் காத்திருந்ததைவிடப் பேப்பருக்கு அதிகமாகக் காத்திருந்தேன். சூளகிரி டீக்கடைக்கு பஸ்ஸில் வருகிற பேப்பரை, மாமனார் மறுநாள் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் அது வந்தே விட்டது. பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம் பற்றிய கேள்விகள் என்று பத்தி பத்தியாக இருந்தது. விமானம் வாங்குவது, எல்லை, தூதுவர், அப்புறம் கடைசியில் எங்கள் கேள்வி. மந்திரியின் பதில் ஒரே வரி. (அ) இல்லை. தமிழில் எழுதப்பட்ட கடிதம் எதுவும் நிறுத்தி வைக்கப்படவில்லை. (ஆ) கேள்வி எழவில்லை.

நான்தான் உரக்கப் படித்தேன். படித்து முடித்ததும் மாமனார் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். மாமியார் குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"டில்லியிலயே சொல்லிட்டாங்களேம்மா. இனிமே யாரக் கேப்ப?"

அவர் குத்திக்காட்டவில்லை. அவருடைய பிள்ளை அல்லவா, அவருக்கும் வலித்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. ஊர்க்காரர்கள் பேசியது பேச்சோடு போகும். இது அச்சில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எனக்கு எழுதவில்லை என்று சர்க்காரே எழுந்து நின்று சொன்னது போல ஆகிவிட்டது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதை. பெயர் வைக்கும் நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து நாகரசம்பட்டிக்காரி என்னைப் பார்க்க வந்தாள். பேப்பர் செய்தி அவள் காதுக்கும் போயிருந்தது. ஒரு கூடை அவரைக்காயோடு வந்து உட்கார்ந்து, எனக்குப் பரிந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் வீட்டுக்காரர் எப்படி எழுதுகிற மனுஷன் என்று இவளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று கப்பலிலிருந்து வந்த கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பிரித்துச் சத்தமாகப் படித்தாள். தடங்கலே இல்லாமல் நாலு வரி படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னக்கா இது? எழுத்து நம்ம எழுத்தா இருக்கு. ஒரு வார்த்தை விளங்கலையே."

"தெலுங்கு" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் விசேஷமான விஷயம் இல்லை. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். தெலுங்கு எழுத்து எனக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. அதனால் தெலுங்குப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதுவோம். கல்யாணச் சேதி, பங்காளி வீட்டுச் சண்டை, புருஷன் பெண்டாட்டி கொஞ்சல் எல்லாம் அப்படித்தான் போகும், வரும். அவருக்குத் தமிழும் நன்றாக வரும். ஆனால் "நலம், நலமறிய அவா" என்று தொடங்கினால் தாசில்தாருக்கு மனு எழுதுவது போல இருக்கிறது என்பார். எழுத்து தமிழாக இருந்ததால் தமிழ்க் கடிதம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மொழிவாரி மாகாணம் வேண்டும் என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் வீட்டில் மட்டும் பேச்சு ஒரு மாகாணத்திலும் எழுத்து இன்னொரு மாகாணத்திலும் இருந்தது.

பேப்பரை எடுத்து மறுபடி படித்தேன். தமிழில் எழுதப்பட்ட கடிதம் எதுவும் நிறுத்தி வைக்கப்படவில்லை. மந்திரி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருந்தார். கேள்விதான் தப்பு. அந்தத் தப்பு என்னுடையது. எனக்கு வந்த சிரிப்பைப் பார்த்து அவள் பயந்துபோனாள்.

மறுநாளே மறுபடியும் பஸ். ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த மெம்பருக்கு இந்தத் தடவை என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. அவர் கேட்ட கேள்விக்குச் சபையில் பின்வரிசைக்காரர்கள் சிரித்தார்களாம். நான் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கன்னடமும் தமிழும் தெரிந்த மனிதர். தெலுங்கு கேட்டால் கொஞ்சம் புரியும். இரண்டு வரி வாய்விட்டுப் படித்தார். நிறுத்தினார். பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நாளைக்கு ராத்திரி ரயில் ஏறுகிறேன் அம்மா என்றார். குறுகிய அவகாசத்தில் கேட்கிற வழி ஒன்று இருக்கிறதாம், அதில் கேட்பாராம். இந்தத் தடவை கேள்வியை நானே சொன்னேன். அவர் எழுதினார். தமிழ் எழுத்தில், ஆனால் தமிழ் அல்லாத மொழியில் உள்ள கடிதங்கள் ஏதாவது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றனவா?

அடுத்து நடந்ததை நான் பேப்பரில் படித்தேன், பிற்பாடு மெம்பர் அனுப்பிய சபை நடவடிக்கை அச்சுப் புத்தகத்திலும் படித்தேன். எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

மந்திரி எழுந்தார். "ஆம்" என்றார். மழுப்பவில்லை. ஒரே வீரருடைய கடிதங்கள் ஒரு கட்டாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன என்று ஒப்புக்கொண்டார். முகாமிலிருந்து வெளியே போகிற கடிதங்களைப் படித்துப் பார்க்கிற இடத்தில், தமிழ் தெரிந்த அதிகாரி அதைப் பார்த்து, இது தமிழ் இல்லை என்று எழுதியிருக்கிறார். சந்தேகத்தில் தெலுங்கு தெரிந்த அதிகாரியிடம் அனுப்பினார்கள். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இது தெலுங்கு இல்லை என்று எழுதிவிட்டார். போதாததற்கு, ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் ஒரே சொல் இருந்தது. ரகசியக் குறியீடு என்று முடிவு செய்து பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மெம்பரின் இரண்டாவது கேள்வி போன பிறகுதான் இரண்டு அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருவர் படித்தார், ஒருவர் கேட்டார்.

நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான எதுவும் அதில் உண்டா என்று ஒருவர் துணைக்கேள்வி போட்டார். மாமரத்துக்கு எப்போது தண்ணீர் கட்ட வேண்டும் என்றும், தாயாரின் முழங்கால் வலிக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார், முதல் வரியில் இருப்பது அவர் பெண்குழந்தைக்கு வைக்கச் சொல்லும் பெயர், அது வந்து சேரவில்லை என்று நினைத்து ஒவ்வொரு கடிதத்திலும் மறுபடி எழுதியிருக்கிறார் என்றார் மந்திரி. சபை சிரித்தது. கட்டு இன்றைக்கே தபாலில் போகிறது, அந்தக் குடும்பத்திடம் அரசு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது என்றும் சொன்னார்.

அப்போது இன்னொரு மெம்பர் எழுந்து, அந்தப் பெயர் என்ன என்று கேட்டார்.

மந்திரி சொன்னதாக அச்சில் இருப்பது இதுதான்: "அதைக் குழந்தையின் காதில் முதலில் சொல்ல வேண்டும். இந்தச் சபை காத்திருக்கட்டும்."

அவர் எந்த ஊர்க்காரரோ, எந்த மொழிக்காரரோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பழக்கம் அவர் வீட்டிலும் இருந்திருக்க வேண்டும். முதல் பதிலுக்காக நான் அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வரியில் போய்விட்டது.

கட்டு வந்து சேர அதற்குமேல் ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை. எலுமிச்சம்பழ நிறம் பேசியவர்களெல்லாம் வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். மாமியார் அவர் குறித்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. தபால்காரர் வந்த அன்று தெருமுனையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வந்தார். உறைகள் எல்லாம் பிரித்து ஒட்டப்பட்டிருந்தன. முதல் உறையை மாமியார்தான் என் கையில் கொடுத்தார்.

"படி. ஆனா வாய்விட்டுப் படிக்காத. மொதல்ல அவ காதுல சொல்லு."

சொன்னேன். மூன்று தரம். மூன்றாம் மாதம் முடிய இரண்டு நாள் பாக்கி இருந்தது. பெயரை இங்கேயும் நான் எழுதப் போவதில்லை. மந்திரி கட்டிக்காத்ததை நான் எதற்கு அவிழ்க்க வேண்டும்?

அடுத்த கோடையில் அவர் திரும்பி வந்தார். மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். பெட்டியைக்கூட இறக்கவில்லை, அவளைத் தூக்கி அவள் காதில் அவரும் ஒருமுறை சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகு நான் அந்த அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் பதிலை நிதானமாகப் படித்தார். இரண்டாவது பதிலை இரண்டு தரம் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முதல் பதிலுக்கே திரும்பிப் போய் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"நான் எழுதவே இல்லன்னு பார்லிமெண்டுலயே சொன்ன மாதிரி ஆயிடுச்சே. இதப் படிச்சப்ப நீ என்ன நெனச்ச?"

"மந்திரிக்கு உங்களத் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றேன்.